சோழி வைத்துக் கணித்தவருக்குப் புரிந்ததா?

2025 செப்டம்பர் 7, ஞாயிறு. அன்றைக்கு முழு சந்திர கிரகணம். ஒன்பதரை மணிக்கெல்லாம் தர்மபுரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டோம். 9.57-க்கு நிழல் நிலாவைத் தொடும், 11.01-க்கு முழுசாக மூடும், 12.22 வரை அப்படியே நிற்கும், 1.26-க்கு விலகும் என்று அக்கா மகன் போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். நிலா ஏன் சிவக்கிறது என்று போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டான். அதுவும் பூமியின் காற்று மண்டலத்தில் ஒளி வளைவதை அழகாக விளக்கியது.

"மாமா, இதுக்கு நெசமாவே புரிஞ்சுதான் சொல்லுதா? இல்ல சும்மா ஒப்பிக்குதா?" என்றான்.

"நீ இப்ப நேரம் சொன்னியே, அது புரிஞ்சு சொன்னதா, ஒப்பிச்சதா?" என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டான். ஆனால் அவன் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் இதே கேள்வி, இதே சந்திர கிரகணத்தை வைத்து, சரியாக 200 வருடத்துக்கு முன்னால் நம் பக்கத்தில் எழுந்திருக்கிறது. அப்போது இயந்திரம் கிடையாது. கேள்விக்கு உள்ளானவர் ஒரு தமிழ் பஞ்சாங்கக்காரர்.

ஜான் வாரன் என்று ஒருவர். பிரெஞ்சு வம்சாவளி, கம்பெனி சேவையில் இருந்தவர், சென்னை வானோக்கு நிலையத்தைச் சில ஆண்டுகள் பொறுப்பில் வைத்திருந்தவர். தென்னிந்தியர்கள் காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 'கால சங்கலித' என்ற பெரிய புத்தகத்தை 1825-இல் சென்னையில் வெளியிட்டார். அதற்காகப் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்திக்கிறார். பெயரை வாரன் எழுதியிருக்கும் எழுத்துக்கூட்டலை வைத்துச் சாமிநாத சேஷய்யா என்று நான் வாசிக்கிறேன். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, எழுதுகோல் தொடாமல், மனப்பாடமாக வைத்திருந்த சில சொற்களை முணுமுணுத்தபடி, 1825 மே 31 இரவு வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார்.

வாரனுக்கு ஆச்சரியம். ஆனால் அவர் கூடவே இன்னொன்றையும் பதிவு செய்கிறார்: இந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது, நல்ல ஞாபக சக்தியும் கணக்கின் படிகளை மனதிலும் தரையிலும் ஒழுங்காக அடுக்கும் திறமையும்தான் இருக்கிறது என்று. அதாவது, விடை வருகிறது. ஆனால் புரிந்து செய்யவில்லை.

அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இதுதான் நம் ஊர் வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படை. நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேகம் கூடிக் குறைந்து மறுபடி கூட 27 நாளும் அரை நாளுக்குக் கொஞ்சம் மேலும் ஆகும். அப்படி ஒன்பது சுற்று சேர்ந்தால் கிட்டத்தட்ட 248 நாள். அந்த 248 நாளுக்கும் நிலா எங்கே இருக்கும் என்று 248 சின்ன வாக்கியங்களாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். உதாரணமாக 'கமல' என்றால் க 1, ம 5, ல 3. வலமிருந்து இடமாகப் படித்தால் 351. வரருசி பெயரில் வழங்கும் சந்திர வாக்கியங்கள் இந்த மாதிரிதான். கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து எத்தனை நாள் என்று எண்ணி, அதை 12372, 3031, 248 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு மீதி நிற்கும். அந்த மீதிதான் வாக்கியத்தின் எண். சில திருத்தங்களைக் கூட்டினால் நிலா இருக்கும் இடம் கிடைத்துவிடும்.

இன்றைக்கு இதை நாம் அல்காரிதம் என்போம். சோழியை நகர்த்தத் தெரிந்தால் போதும், நிலா ஏன் இப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டியதில்லை.

தத்துவம் படித்தவர்களுக்கு உடனே ஜான் சேர்ல் ஞாபகம் வரும். 1980-இல் அவர் 'சீன அறை' என்று ஒரு கற்பனையைச் சொன்னார். சீனம் தெரியாத ஒருவர் அறைக்குள் இருக்கிறார். சீனத்தில் கேள்விச் சீட்டு வருகிறது. விதிப் புத்தகத்தைப் பார்த்துக் குறிகளை எடுத்து அடுக்கிப் பதில் சீட்டு அனுப்புகிறார். வெளியே இருப்பவர்களுக்கு அவர் சீனம் அறிந்தவராகவே தெரிவார். கணினியும் அப்படித்தான், அதற்குப் புரிதல் கிடையாது என்பது அவர் வாதம். சேர்லுக்கு 155 வருடம் முன்னாலேயே வாரன் அந்த அறையைப் புதுச்சேரியில் நேரில் பார்த்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எதிர்ப் பக்கத்தில் ஆலன் டூரிங். இயந்திரம் யோசிக்குமா என்று கேட்பதை விட்டுவிட்டு, அதனோடு உரையாடி மனிதனா இயந்திரமா என்று பிரிக்க முடிகிறதா பாருங்கள் என்று 1950-இல் எழுதியவர். (அவர் அம்மா பிறந்தது நம் போத்தனூரில். அப்பா சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி.) டூரிங் கணக்குப்படி சேஷய்யா தேறிவிடுவார். சேர்ல் கணக்குப்படி தேறமாட்டார்.

இங்கேதான் எனக்கு இரண்டு பேர் மேலும் சந்தேகம் வருகிறது. சேஷய்யாவுக்கு அறிவு இல்லை என்று நம்மால் சொல்ல முடியுமா? முடியாது. வாரன் கேட்டது 'கோட்பாட்டை'. அது இல்லாததால் அவரை ஒரு எந்திரம் போல எழுதிவைத்தார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்பதே ஒரு மனித உத்தியோகம்தானே! 1831-இல் ராதாநாத் சிக்தார் இந்திய நில அளவைத் துறையில் சேர்ந்தது அந்தப் பதவிப் பெயரில்தான். பின்னால் எவரெஸ்ட் உயரத்தைக் கணக்குப் போட்டவர் அவர். ஆக, கணக்குச் செய்வது அறிவுக்கு அத்தாட்சியும் அல்ல, விளக்கம் சொல்லத் தெரியாதது அறிவின்மைக்கு அத்தாட்சியும் அல்ல.

பிறகு எது அத்தாட்சி? அந்த 1825 கிரகணத்தையே பார்ப்போம். வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கெபவர் 1952-இல் இந்தக் கணிப்பைச் சரிபார்த்து எழுதினார். ஆரம்பத்தில் 4 நிமிஷம், நடுவில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம் பிழை. சோழியும் மனப்பாடமும் மட்டும் வைத்துச் செய்ததற்கு இது அபாரம்தான். ஆனாலும் பிழை பிழைதான். அந்தப் பிழையை வாக்கியங்கள் தாங்களாகத் திருத்திக்கொள்ளாது. எத்தனை தடவை ஒப்பித்தாலும் அதே எண்தான் வரும்.

திருத்தியவர்கள் வேறு மாதிரி ஆட்கள். கேரளத்தில் பரமேஸ்வரர் பல பத்து ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்து, பழைய கணக்கு வானத்தோடு ஒட்டவில்லை என்று கண்டு, 1431-இல் 'திருக்கணிதம்' எழுதினார். சென்னை வானோக்கு நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டறிந்தவர். 1880-இல் இறக்கும்வரை, பஞ்சாங்கம் வானத்தைப் பார்த்துத் திருத்தப்பட வேண்டும் என்று எடுத்துச் சொன்னவர். பரம்பரையாக வந்த எண்ணைத் தப்பு என்று சொல்வது லேசான காரியம் இல்லை. அந்தத் தகராறு இன்னும் ஓயவில்லை. சமீபத்திய சனிப்பெயர்ச்சிக்குத் திருக்கணிதம் 2025 மார்ச் 29 என்றது, வாக்கியம் 2026 மார்ச் 6 என்றது. எது சரி என்று சண்டை போடலாம். கிரகணத்தில் அந்தச் சண்டை எடுபடாது, வானம் எல்லார் கண்ணுக்கும் முன்னால் தீர்ப்புச் சொல்லிவிடும்.

அறிவுக்கு என் அளவுகோல் இதுதான்: சரியாகச் சொல்வது இல்லை, தப்பு உறைப்பது. கணக்குக்கும் வானத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒருத்தனைத் தூங்கவிடாமல் பண்ண வேண்டும்.

இன்றைய இயந்திரமும் பிழையைக் குறைத்துத்தானே கற்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தன் விடைக்கும் கொடுத்த விடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்தபடி அது தன்னை மாற்றிக்கொள்கிறது. அந்த வகையில் சோழியை விட அது ஒரு படி மேல். ஆனால் எது சரியான விடை என்று அதற்குக் கொடுத்தது யார்? நாம்தான். ஆசான் கொடுத்த வாக்கியத்தையே சந்தேகப்பட்டு, யாரும் சொல்லாமல் ராத்திரி எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்க்கும் வேலையை அது இன்னும் செய்யவில்லை. ஒரு நாள் செய்தால், அது சிலிக்கானால் ஆனதா சதையால் ஆனதா என்று பார்க்காமல் அறிவு என்றே ஒப்புக்கொள்வேன். செய்யவே செய்யாது என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாரன் மாதிரி அவசரப்பட்டு ஒருவரை எந்திரம் என்று எழுதிவைக்கிற தப்பு இந்தப் பக்கமும் நடக்கலாம்.

அன்றைக்கு மாடியில், கடைசி வெளிச்சக் கீற்று மறைந்த நேரம் பையன் மணி பார்த்தான். "11.02 ஆவுது மாமா. போன்ல 11.01-னு போட்டிருந்துச்சே? போன் தப்பா, என் கண்ணு தப்பா?" என்றான்.

எனக்கும் தெரியவில்லை. "எழுதி வச்சுக்கோ, அடுத்த கிரகணத்துல பாப்போம்" என்றேன். கீழே போய் நோட்டு எடுத்துவந்தான்.