குளிர்சாதனப் பெட்டியும் உலக வெப்பமும்



உலகம் வெப்பமடைந்து வருகிறது, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுக்களைக் குறைத்தாக வேண்டும் என்று அறிஞர்கள் கூறுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். கேட்கும்போதே ஓர் ஐயமும் நம் உள்ளத்தில் எழுகிறது. காற்றுக்கு வேலி இல்லை. ஒரு நாட்டில் எழும் புகை மற்றொரு நாட்டின் வானில் கலந்துவிடுகிறது. செல்வத்தாலும் ஆட்சி முறையாலும் வேறுபட்டு நிற்கும் நாடுகள் யாவும் ஒன்றுகூடி, தமக்குப் பயன்தரும் ஒரு பொருளை விட்டுவிடச் சம்மதிக்குமா? இது நடக்கக்கூடிய காரியந்தானா?

ஒருமுறை நடந்திருக்கிறது என்பதே வரலாறு தரும் விடை. அந்த வரலாறு நாம் நாள்தோறும் திறந்து மூடும் குளிர்சாதனப் பெட்டியில் தொடங்குகிறது. அதனைத்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற வாயுக்கள் பயன்பட்டன. இவை குளிரைத் தந்தன. கூடவே ஆபத்தையும் தந்தன. குழாயில் சிறு வெடிப்பு ஏற்பட்டாலும் நஞ்சு வீட்டுக்குள் பரவும். வாயுக் கசிவினால் உறக்கத்திலேயே உயிரிழந்தோரும் உண்டு. ஆகவே, தீப்பற்றாத, நஞ்சில்லாத வாயு ஒன்று வேண்டும் என்று அமெரிக்கத் தொழில்துறையினர் தேடினர். 1928ஆம் ஆண்டில் தாமஸ் மிட்ஜ்லி என்னும் வேதியியலாளரும் அவருடைய துணைவர்களும் அதைக் கண்டுபிடித்தனர். குளோரின், புளோரின், கார்பன் ஆகிய மூன்றும் சேர்ந்த குளோரோபுளோரோ கார்பன் என்னும் இனத்தைச் சேர்ந்தது அவ்வாயு. 1930இல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டம் ஒன்றில் மிட்ஜ்லி அவ்வாயுவைத் தாமே மூச்சில் இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின் மேல் ஊதிக் காட்டினார். சுடர் அணைந்தது, அவருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. நஞ்சும் இல்லை, தீயும் பற்றாது என்பதை ஒரே மூச்சில் மெய்ப்பித்துவிட்டார்.

அதன்பின் இவ்வாயு உலகை வலம்வந்தது. குளிர்சாதனப் பெட்டி, குளிரூட்டும் இயந்திரம், நறுமணத் தெளிப்பான், மெத்தைக்கான நுரை ஆகிய யாவற்றிலும் அது இடம்பெற்றது. நம் வட்டாரத்தில் மின்னணுத் தொழில் வளர்ந்தபோது, சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருந்த தொழிற்சாலைகளில் மின்சுற்றுப் பலகைகளைத் துடைத்துத் தூய்மை செய்யவும் இதே இனத்தைச் சேர்ந்த நீர்மம் பயன்பட்டது. இதனால் தீங்கு வரும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. எதனோடும் எளிதில் சேராத, எளிதில் சிதையாத பொருள் அல்லவா? அந்தக் குணமே பின்னாளில் குற்றமாயிற்று.

சிதையாத பொருள் எங்கே போகும்? அது காற்றிலேயே தங்கிவிடும். 1971ஆம் ஆண்டின் இறுதியில் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கில அறிவியலாளர் அட்லாண்டிக் கடலில் கப்பலில் சென்றவாறே காற்றை அளந்து, ஆலைகளே இல்லாத நடுக்கடலிலும் இவ்வாயு இருப்பதைக் கண்டார். 1974இல் மாரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்னும் இருவர் அடுத்த படியை எடுத்து வைத்தனர். இவ்வாயு மெல்ல மெல்ல வானின் உயர்ந்த அடுக்கிற்குச் செல்கிறது. அங்கே கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் அதனைச் சிதைக்கின்றன. வெளிப்படும் குளோரின், புற ஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அழிக்கிறது என்று அவர்கள் கூறினர்.

இங்கே நேயர்கள் ஒன்றை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ஓசோன் படலம் தேய்வது ஒரு கேடு. உலகம் வெப்பமடைவது மற்றொரு கேடு. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இந்த ஒரே வாயு இரண்டு கேடுகளையும் ஒருங்கே செய்கிறது. இவ்விரண்டாம் உண்மையை உலகுக்கு முதலில் எடுத்துக் காட்டியவர் ஒரு தமிழர் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி.

அவர் பெயர் வீரபத்திரன் இராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற அவர், செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையில் பணிபுரிந்தார். பெட்டியிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று கண்டறிவது அங்கே அவருக்கு இடப்பட்ட வேலை. பின்னர் அமெரிக்கா சென்று வளிமண்டல ஆராய்ச்சியில் இறங்கிய அவர், முன்பு தாம் அடைக்க முயன்ற அதே வாயு வானில் என்ன செய்கிறது என்று கணக்கிட்டார். அவர் கண்ட முடிவு 1975இல் வெளியாயிற்று.

அம்முடிவை ஓர் எளிய உவமையால் விளக்கலாம். வெயிலில் காய்ந்த நிலம் இரவும் பகலும் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. காற்றில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகின்றன. எனினும், அடைத்த வீட்டில் ஒரு சன்னல் மட்டும் திறந்திருப்பதுபோல, குறிப்பிட்ட சில அலைகளில் வெப்பம் தடையின்றி வெளியேற வழி இருக்கிறது. குளோரோபுளோரோ கார்பன் வந்து அந்தச் சன்னலைத்தான் மூடுகிறது. அதனால் அதன் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு இணையாக வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. உலக வெப்பம் என்றால் கரியமில வாயு மட்டுமே என்று எண்ணியிருந்த காலத்தில் இது பெரும் வியப்பை அளித்தது.

இனி, உலகம் என்ன செய்தது என்று பார்ப்போம். உடனே திருந்திவிடவில்லை. இவ்வாயுவை உற்பத்தி செய்த நிறுவனங்கள், சான்று போதாது என்று வாதாடின. ஆயினும் 1970களின் இறுதியில் அமெரிக்கா, கனடா, சுவீடன், நார்வே ஆகிய நாடுகள் தெளிப்பான்களில் இதன் பயன்பாட்டைத் தடுத்தன. குளிர்சாதனங்கள் மட்டும் பழையபடியே ஓடின.

1985ஆம் ஆண்டு மே மாதத்தில் நிலைமை மாறியது. தென்முனைக் கண்டத்தில் பல ஆண்டுகளாகத் தரையிலிருந்தே ஓசோனை அளந்து வந்த ஜோசப் பார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் சாங்க்ளின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், இளவேனிற் காலத்தில் அங்கு ஓசோன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாக அறிவித்தனர். ஏட்டில் இருந்த எச்சரிக்கை வானில் மெய்யாகக் காணப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் வியன்னாவில் நாடுகள் கூடி ஒரு பொது உடன்பாட்டைச் செய்திருந்தன. அதில் நல்லெண்ணம் இருந்ததே தவிர, எவ்வளவு குறைப்பது என்ற கணக்கு இல்லை.

கணக்கு 1987 செப்டம்பர் 16ஆம் நாள் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் எழுதப்பட்டது. அதற்கு அயராது பாடுபட்டவர், ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சுற்றுச்சூழல் திட்டத்திற்குத் தலைமை தாங்கிய எகிப்தியர் முஸ்தபா தொல்பா. அன்று அந்த உடன்படிக்கை கேட்டது என்ன? நூற்றாண்டின் இறுதிக்குள் குளோரோபுளோரோ கார்பனைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதே. பாதி குறைத்தால் போதாது என்பதை அறிவியலாளர் அறிந்திருந்தனர். ஆனால் அவ்வுடன்படிக்கையிலேயே ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருந்தது. புதிய சான்றுகள் கிடைக்கக் கிடைக்க, நாடுகள் மீண்டும் கூடி இலக்கை உயர்த்தலாம் என்பதே அந்தக் கதவு.

எனினும், உண்மையான சிக்கல் அறிவியலில் இல்லை; நியாயத்தில் இருந்தது. காற்றைக் கெடுத்தவை செல்வ நாடுகள். ஏழை நாடுகளிலோ கோடிக்கணக்கான வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி என்பதே அப்போதுதான் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. “நீங்கள் உண்டு முடித்தீர்கள், இலையை எங்களை எடுக்கச் சொல்கிறீர்களா?” என்னும் கேள்வி எழாதா? வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு தவணையை மாண்ட்ரியல் உடன்படிக்கையே கொடுத்தது. ஆயினும் சீனாவும் இந்தியாவும் சேரத் தயங்கின. மாற்றுத் தொழில்நுட்பத்திற்கு ஆகும் செலவை யார் தருவது என்று அவை கேட்டன. 1990இல் லண்டனில் கூடிய மாநாடு அந்தக் கேள்விக்கு விடை கண்டது. செல்வ நாடுகள் பணம் செலுத்தும் பொது நிதி ஒன்று அமைந்தது. முதல் மூன்றாண்டுகளுக்கு 160 மில்லியன் டாலர். சீனாவும் இந்தியாவும் இணைந்தால் 240 மில்லியன் டாலர் என்று முடிவாயிற்று. சீனா 1991இலும் இந்தியா 1992இலும் இணைந்தன. அதே லண்டன் மாநாட்டில், பாதி என்ற இலக்கு முழுவதும் என்று உயர்ந்தது.

மலேசியாவும் சிங்கப்பூரும் 1989ஆம் ஆண்டிலேயே இவ்வுடன்படிக்கையில் சேர்ந்தன. சிங்கப்பூர் அவ்வாண்டில் மேற்கொண்ட முறை குறிப்பிடத்தக்கது. இறக்குமதி செய்யத்தக்க மொத்த அளவை அரசாங்கம் வரையறுத்தது. அதில் ஒரு பாதியைப் பழைய பயன்பாட்டின் அடிப்படையில் நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளித்தது. மறு பாதியை ஏலத்திற்கு விட்டது. விலை ஏறியதும், தண்ணீரால் கழுவும் முறை, கழுவவே தேவையில்லாத முறை ஆகியவற்றைத் தொழிற்சாலைகள் நாடின. முடியாது என்று முன்பு சொல்லப்பட்டவை, கட்டாயம் வந்தபோது முடிந்தன. 2010ஆம் ஆண்டு பிறந்தபோது வளரும் நாடுகளுக்கும் தவணை முடிந்துவிட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை என்ற பெருமையும் இதற்குக் கிட்டியது.

இதனால் உலக வெப்பத்திற்குக் கிடைத்த பயன் எவ்வளவு? கரியமில வாயு முதலியவற்றைக் குறைக்க 1997இல் கியோட்டோ நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் முதற்கட்ட இலக்கைப்போல் ஐந்து மடங்கிற்கும் மேலான பயனை, ஓசோனுக்காகச் செய்த மாண்ட்ரியல் உடன்படிக்கை 2010ஆம் ஆண்டளவில் தந்துவிட்டதென்று 2007இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ஓசோனும் மெல்ல மீண்டு வருகிறது. தென்முனையில் அது 2066ஆம் ஆண்டளவில் 1980இல் இருந்த நிலையை அடையக்கூடும் என்பது அறிஞர்களின் மதிப்பீடு.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. பழைய வாயுவின் இடத்தில் ஹைட்ரோபுளோரோ கார்பன் என்ற புதிய வாயு வந்தது. அதில் குளோரின் இல்லை; ஓசோனுக்கு ஊறு இல்லை. ஆயினும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் குணம் அதனிடமும் இருந்தது. அவ்வகையைச் சேர்ந்த ஒரு வாயுவின் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவின் 1,400 கிலோவுக்கு ஈடாகிறது. ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்து மற்றொரு நோயை வளர்த்தது. அப்போது அந்தத் திறந்த கதவே கைகொடுத்தது. 2016 அக்டோபர் 15ஆம் நாள் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் நாடுகள் கூடி, இந்தப் புதிய வாயுவையும் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. அது முழுமையாக நிறைவேறினால், இந்நூற்றாண்டின் இறுதிக்குள் அரை பாகை வரையிலான வெப்ப உயர்வைத் தவிர்க்கலாம்.

வாக்குக் கொடுத்தால் போதுமா? காவலும் வேண்டும். 2018ஆம் ஆண்டில், நின்றுபோயிருக்க வேண்டிய ஒரு குளோரோபுளோரோ கார்பன் மீண்டும் எங்கோ வெளியேறுவதை வானை அளப்போர் கண்டனர். கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள நிலையங்களின் அளவுகளைக் கொண்டு, அது பெரும்பாலும் சீனாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வருகிறது என்று மறு ஆண்டில் காட்டினர். பின்னர் அக்கசிவு பெரிதும் குறைந்தது. மறைவில் செய்த குற்றத்தை வானமே காட்டிக் கொடுத்தது எனலாம்.

நேயர்களே, கரியமில வாயுவைக் குறைப்பது இதனினும் பன்மடங்கு கடினம் என்பதை நாம் மறுக்கவில்லை. குளோரோபுளோரோ கார்பனைச் செய்தவை உலகில் சில நிறுவனங்களே. கரியமில வாயுவோ மின்சாரத்திலும் ஊர்தியிலும் சிமெண்டிலும், காட்டை எரிக்கும் தீயிலும் கலந்திருக்கிறது. 1958இல் ஹவாயித் தீவில் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து இலட்சம் பங்கில் சுமார் 315 பங்காக இருந்த அது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 2015இல் பாரிசில் செய்த உடன்பாட்டில், எவ்வளவு குறைப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்கிறது. ஆகவே மாண்ட்ரியல் பாதையை அப்படியே பெயர்த்து வைத்துவிட முடியாது.

ஆனால் அந்த வரலாறு கற்பிக்கும் பாடம் பொய்யாகாது. முழுத் தீர்வு கைக்கு வரும்வரை காத்திராமல் பாதியில் தொடங்கினார்கள். பிழை தெரிந்தபோது திருத்தினார்கள். இல்லாதவனுக்கு உள்ளவன் கொடுத்தான். கொடுத்த வாக்கை அளந்து பார்த்தார்கள். இந்நான்கில் எது குறைந்தாலும் வேலை நின்றுபோயிருக்கும்.

இதில் நம் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சிங்கப்பூரில் 2022 அக்டோபர் முதல், வெப்பத்தை மிகுதியாகப் பிடிக்கும் வாயு கொண்ட புதிய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளையும் குளிரூட்டிகளையும் விற்பனைக்கு விடுவது கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. புதிய கருவி வாங்கும்போது அதில் என்ன வாயு இருக்கிறது என்று கேட்டு வாங்குவோம். பழைய கருவியைக் கழற்றும்போது, வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் கலனில் பிடித்து எடுக்கச் சொல்லுவோம். பழுது பார்க்க வருபவர் “மீண்டும் வாயு அடைத்தால் போதும்” என்று கூறினால், கசிவு எங்கே என்று முதலில் தேடச் சொல்லுவோம். செகந்திராபாத்தில் அந்த இளம் பொறியாளர் தேடியதும் அதைத்தானே? அன்று அது ஒரு தொழிற்சாலையின் கவலை. இன்று நம் அனைவரின் கவலை.