பயணச்சீட்டும் ஓர் அமானிதமே





இன்று கட்டுநாயக்காவில் விமானம் ஏறும் ஒருவர் சில மணித்தியாலங்களில் ஜித்தாவில் இறங்கிவிடுகின்றார். நம் மூதாதையரோ பருவக்காற்றை எதிர்பார்த்துப் பாய்க்கப்பலில் ஏறி, மாதக்கணக்கில் கடலில் கழித்தே அந்தப் புனித மண்ணை மிதித்தார்கள். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டது நீராவியின் காலம். அக்காலத்தின் வரலாறு நமக்கு வேகத்தின் கதையை மட்டும் கூறவில்லை. ஒருவரை நம்பிப் பணத்தையும் உயிரையும் ஒப்படைப்பது எத்தகைய பாரதூரமான விடயம் என்பதையும் அது கற்பிக்கின்றது.

1841 ஜூலை 5 ஆம் திகதி இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் மதுவொழிப்புக் கூட்டமொன்றுக்காக ஏறத்தாழ 500 பேரை லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்குப் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். கட்டணம் ஒரு ஷில்லிங். புகையிரதம் அதற்கு முன்னரும் ஓடியது. ஆனால் முன்பின் அறியாத பலரிடம் பணம் பெற்று, அவர்கள் சார்பில் ஒருவர் பயணம் முழுவதையும் ஒழுங்குசெய்யும் தொழில் இத்தகைய பயணங்களிலிருந்தே வளர்ந்தது. இன்று நாம் உல்லாசப் பயணத்துறை என அழைக்கும் பெருந்தொழிலின் வேர்களுள் இதுவும் ஒன்று.

1869 நவம்பரில் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் குக் தமது முதற் குழுவை எகிப்துக்கும் பலஸ்தீனத்துக்கும் அழைத்துச் சென்றார். ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைத்த நீராவிக் கப்பல்கள் செங்கடலில் பெருகின. எகிப்திய வீரர் ஒராபி பாஷா நாடு கடத்தப்பட்டு, 1883 ஜனவரியில் 'மரியோட்டிஸ்' என்ற கப்பலில் கொழும்பை வந்தடைந்ததும் இந்தக் கடல்வழியாகத்தான். பம்பாய், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களிலிருந்து ஆயிரமாயிரம் ஏழை முஸ்லிம்கள் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டதும் இக்காலத்திலேயே. செல்வந்தருக்கு மட்டும் இயன்ற பயணம் விவசாயிக்கும் கூலியாளுக்கும் இயன்றதாயிற்று. இது நீராவி தந்த நன்மை. இதனை நாம் மறுக்கலாகாது.

ஆனால் சகோதரர்களே, அந்த ஏழைகளைக் கப்பல் முதலாளிகள் பலர் மனிதர்களாகவா நடத்தினார்கள்? சரக்கு மூட்டைகளைப் போல் அவர்களைத் தளங்களில் நெருக்கி அடைத்தார்கள். எண்ணிக்கை கூடக்கூட இலாபம் கூடிற்று. நெரிசலோடு நோயும் பயணம் செய்தது. 1865 இல் மக்காவில் பரவிய கொலரா நோயினால் ஏறத்தாழ 15,000 ஹாஜிகள் மரணித்ததாக மதிப்பிடப்படுகின்றது. திரும்பிய கப்பல்களோடு அந்நோய் எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது. அதன் விளைவாக 1866 இல் இஸ்தான்பூலில் சர்வதேச சுகாதார மாநாடு கூடிற்று. பின்னர் செங்கடலின் கமரான் தீவில் ஹாஜிகளைத் தடுத்துவைத்துப் பரிசோதிக்கும் நிலையமும் அமைந்தது.

இக்காலத்தின் ஒரு நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டும். 1880 ஜூலையில் 'ஜித்தா' என்னும் பெயர்கொண்ட நீராவிக் கப்பல் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஏறத்தாழ ஆயிரம் ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். இந்து சமுத்திரத்தில் கடும் புயல் வீசிற்று. கொதிகலன்கள் இடம் பெயர்ந்தன. கப்பலுக்குள் நீர் புகுந்தது. ஆகஸ்ட் 8 ஆம் திகதி கப்பல் தலைவரும் அவரது மனைவியும் ஐரோப்பிய அதிகாரிகளும் படகில் இறங்கிச் சென்றுவிட்டனர். பயணிகள் நடுக்கடலில் கைவிடப்பட்டனர்.

படகில் தப்பியவர்களை 'ஸிந்தியா' என்ற கப்பல் ஏடன் துறைமுகத்தில் சேர்த்தது. கப்பல் மூழ்கிவிட்டது என்றும் பயணிகள் அனைவரும் மாண்டனர் என்றும் அவர்கள் அறிவித்தார்கள். ஆனால் மறுநாளே ஏடனில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. மூழ்கியதாகக் கூறப்பட்ட 'ஜித்தா' கப்பலை 'அந்தெனோர்' என்ற மற்றொரு கப்பல் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது! தலைவனற்ற அக்கப்பலில் ஹாஜிகள் தம் கைகளாலேயே நீரை இறைத்து அதனை மிதக்க வைத்திருந்தார்கள். விசாரணையில் கப்பல் தலைவரின் சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கு மட்டும் இடைநிறுத்தப்பட்டது. இந்நிகழ்ச்சியைத் தழுவி ஜோசப் கொன்ராட் 1900 இல் 'லார்ட் ஜிம்' என்ற நாவலை வெளியிட்டார். அது தப்பியோடிய அதிகாரியின் மனச்சாட்சியைப் பற்றிய கதை. நாம் நினைவில் நிறுத்த வேண்டியவர்களோ தண்ணீர் இறைத்தவர்கள்.

இங்கு நம்மை நாமே கேட்கவேண்டிய ஒரு கேள்வியும் உண்டு. அந்தக் கப்பற் கம்பனியை நடத்தியவர்களில் சிங்கப்பூர் அரபு முஸ்லிம் வணிகரும் இருந்தார். ஆகவே அந்நியர் மட்டுமே அநீதி செய்தார்கள் என்று கூறி நாம் தப்பிக்கொள்ள முடியாது. ஹாஜிகளை ஏற்றும் தொழில் புனிதமானது என்பதனால் மட்டும் அதனைச் செய்பவர் நேர்மையானவர் ஆகிவிடுவதில்லை.

ஹாஜிகளின் துன்பம் பெரிதாகப் பேசப்பட்டபோது, 1886 இல் பிரித்தானிய இந்திய அரசு தாமஸ் குக் நிறுவனத்தையே ஹஜ் பயண முகவராக நியமித்தது. ஊரிலிருந்து பம்பாய்க்குப் புகையிரதமும், அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பலும் ஒரே ஒழுங்கில் கிடைக்கலாயின. ஆயினும் ஹாஜிகள் அனைவரையும் அந்நிறுவனத்தால் தன்பால் ஈர்க்க முடியவில்லை. தரகர்களின் போட்டி ஓயவில்லை. இலாபமும் கிடைக்கவில்லை. 1893 இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

இதற்கு மாறானதொரு முயற்சியையும் வரலாறு காட்டுகின்றது. 1900 இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத், திமிஷ்கிலிருந்து ஹிஜாஸுக்குப் புகையிரதப் பாதை அமைக்கப்படும் என அறிவித்தார். ஐரோப்பிய வங்கிகளின் கடனை நாடாமல், உலக முஸ்லிம்களின் நன்கொடைகளும் உஸ்மானிய அரசின் வருவாயும் கொண்டு அது அமைக்கப்பட்டது. இந்திய முஸ்லிம்களும் வாரி வழங்கினார்கள். ஆயிரக்கணக்கான படைவீரர்கள் பாலைவனத்தில் உழைத்தார்கள். ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1908 இல் மதீனாவை அடைந்தது. ஒட்டகக் கூட்டத்தோடு சுமார் நாற்பது நாட்கள் நடந்த தூரத்தைச் சில நாட்களில் கடக்க முடிந்தது. எனினும் மக்கா வரை அது நீளவில்லை. ஒட்டகங்களை வாடகைக்கு விட்டு வாழ்ந்த கோத்திரத்தார் தம் வருமானம் போகுமென அதனை எதிர்த்தார்கள். முதலாம் உலகப் போரின்போது தண்டவாளங்கள் தகர்க்கப்பட்டன. ஏழைகளின் நாணயங்களால் எழுந்த அப்பாதையின் தென்பகுதி பின்னர் மணலில் பாழடைந்தது. கட்டியெழுப்புவது ஓர் அமானிதம். கட்டியதைக் காப்பது அதனினும் பெரிய அமானிதம்.

பயண முகவர் தொழிலுக்கே முன்னோடியான தாமஸ் குக் நிறுவனமும் 2019 செப்டம்பர் 23 ஆம் திகதி வீழ்ச்சியடைந்தது. வெளிநாடுகளில் அகப்பட்டுக்கொண்ட சுமார் 150,000 பயணிகளை பிரித்தானிய அரசு முன்னின்று மீட்டு வந்தது. 1880 இல் கைவிடப்பட்ட ஹாஜிகளுக்கு அப்படியொரு பாதுகாப்பு இருக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் சட்டமும் மேற்பார்வையும் வளர்ந்தன என்பதே வேறுபாடு. பழம்பெரும் பெயரும் ஒரே நாளில் சரியலாம். பயணிகளைக் காப்பது முறையான ஒழுங்குதான்.

பெற்றோர்களே! பல்லாண்டு காலம் சேமித்த பணத்தை ஹஜ், உம்ராவுக்காக ஒருவரிடம் ஒப்படைக்குமுன், அவர் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் அனுமதி பெற்றவரா என்று விசாரியுங்கள். பற்றுச்சீட்டை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. உங்கள் பிள்ளையை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும்போதும் அவ்வாறே செய்யுங்கள்.

இளைஞர்களே! உங்களில் சிலர் நாளை பயண முகவர்களாகவும், கப்பல் அல்லது விமான நிறுவன அலுவலர்களாகவும் ஆவீர்கள். ஒரு மூதாட்டி தன் நகையை விற்ற காசை உங்கள் மேசைமீது வைக்கும் நாள் வரும். அன்று நடுக்கடலில் தனித்து நின்ற அந்த ஆயிரம் பேரை நினைத்துக்கொள்ளுங்கள். படகில் இறங்கி ஓடியவர்களைப் போலன்றி, இறுதிவரை கப்பலில் நிற்பவர்களாக இருங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை உரியவரிடம் சேர்ப்பிக்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.