நான்காவது சொல்: திருகோணமலையும் அரசறிவியலின் முதற் பாடமும்

பல்கலைக்கழகத்தில் அரசறிவியலை முதன்முதலாகப் படிக்கத் தொடங்கும் மாணவிக்கு முதல் வாரத்திலேயே ஒரு வரைவிலக்கணம் சொல்லித் தரப்படும். அரசு என்பதற்கு நான்கு கூறுகள் உண்டு: மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறைமை. 1933இல் மொன்டிவிடியோ நகரில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை நான்காவதைப் பிற அரசுகளோடு உறவுகொள்ளும் ஆற்றல் என்று சொல்கிறது. நம் பாடநூல்கள் அதை இறைமை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. இலங்கையைப் பொறுத்தவரை அந்த நான்காவது சொல்லின் கதையில் பெரும்பகுதி நமது துறைமுகத்தில்தான் நடந்தது.

மருத்துவம் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அக்கா கலைப் பிரிவு, நான் உயிரியல் பிரிவு. ஒரே மேசை, மின்சாரம் இல்லாத இரவுகளில் ஒரே குப்பி விளக்கு. அவள் சத்தமாக வாசித்துப் பாடமாக்கும்போது எனக்கும் பாதி பாடமாகிவிடும். வீட்டுக்கு வருகிறவர்கள் என்னிடம், "பிள்ளை டொக்டராகப் போறா" என்பார்கள். அவளிடம், "ஓ, ஆர்ட்ஸ்தானே" என்பார்கள். அந்தத் "தானே" எவ்வளவு நியாயமற்றது என்பதற்கு நமது ஊரின் வரலாறே சாட்சி.

1942ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனக்குடாவின் மீதும் குண்டு வீசின. 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, யூலை 1ஆம் திகதி கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதுவரை பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளையே எழுதினார்கள். முதலாவது துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ், அமைச்சரவை ஆட்சி பற்றியும் அரசியலமைப்புச் சட்டம் பற்றியும் எழுதிப் பெயர்பெற்ற ஆங்கிலேயர். பல்கலைக்கழகத்தை நடத்திக்கொண்டே டி. எஸ். சேனநாயக்கவுக்கு அரசியலமைப்பு விடயத்தில் ஆலோசகராகவும் இருந்தார். சோல்பரி யாப்பின் பின்னால் அவருடைய கை உண்டு. பாடம் சொல்லிக் கொடுப்பவரே பாடத்துக்குரிய பொருளையும் ஆக்கித் தந்தது இந்த நாட்டு அரசறிவியலின் பிறப்பிலேயே உள்ள விசேடம்.

சுதந்திரம் கிடைத்தது 1948 பெப்ரவரி 4ஆம் திகதி. ஆனால் 1947 நவம்பரிலேயே பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாகியிருந்தது. அதன்படி இருதரப்பும் இணங்குமளவில் பிரித்தானியா தன் கடற்படையையும் விமானப்படையையும் இலங்கையில் வைத்திருக்கலாம். முடிவுத் திகதி எதுவும் அதில் குறிக்கப்படவில்லை. எனவே கொழும்பில் கொடி மாறிய பிறகும் நமது துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை இருந்தது. டொக்யாட் வேலையும் நேவிச் சம்பளமும் இந்த ஊரின் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன.

நான்கு கூறுகளில் மக்கள் உண்டு, நிலம் உண்டு, தெரிவுசெய்யப்பட்ட அரசாங்கம் உண்டு. நான்காவது உண்டா? இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் சேர விண்ணப்பித்தபோது சோவியத் ஒன்றியம் 1948இல் தனது தடுப்புரிமையைப் பயன்படுத்தி அதை மறித்தது. இலங்கை உண்மையாகச் சுதந்திரம் பெற்ற நாடுதானா என்பது அது எழுப்பிய சந்தேகம், பிரித்தானியப் படைத்தளங்கள் அதற்கு வசதியான ஆதாரம். பனிப்போர்க் கணக்குகளும் அதில் இருந்தன என்பது உண்மைதான். ஆனாலும் கேள்வி வெறும் விதண்டாவாதம் அல்ல. தன் விருப்பத்தோடு ஒரு நாடு தன் துறைமுகத்தை இன்னொரு நாட்டுக்குப் பயன்படுத்தக் கொடுத்தால் அது இறைமையைச் செலுத்துவதா, இழப்பதா? சட்டம் படித்தவர்கள் முதலாவது என்பார்கள். உடன்படிக்கை எழுதப்பட்ட நேரத்தில் அந்த நாடு இன்னும் சுதந்திரம் அடையவில்லையே என்று அக்கா கேட்பாள். இலங்கைக்கு ஐ.நா.வில் இடம் கிடைத்தது 1955 டிசெம்பரில், வேறு பதினைந்து நாடுகளோடு சேர்த்துச் செய்யப்பட்ட ஒரு பேரத்தில்.

1956இல் பண்டாரநாயக்க பிரதமரானார். தளங்களைத் திருப்பித் தரும்படி கேட்டார். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நாட்டுக்கு அது வெற்றி நாள். நமது ஊரில் தளத்தை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அது வேலை போகும் நாளாகவும் இருந்தது. பாடநூல் இதைச் சொல்வதில்லை.

அதே காலத்தில் அதே ஊரில் இன்னொரு கேள்வியும் எழுந்தது. தமிழரசுக் கட்சியின் முதலாவது தேசிய மாநாடு 1951இல் கூடியது இங்கேதான். தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறி இரண்டு மாதங்களில், 1956 ஓகஸ்டில், பல ஊர்களிலிருந்தும் யாத்திரையாக வந்தவர்கள் மீண்டும் இங்கே கூடினார்கள். சமஷ்டி அரசியலமைப்பு, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழரின் குடியுரிமை, குடியேற்றத்தை நிறுத்துதல் என்று கோரிக்கைகள் வகுக்கப்பட்டன. ஒரு வருட அவகாசமும் கொடுக்கப்பட்டது. அந்த அவகாசம் முடியுமுன், 1957 யூலை 26ஆம் திகதி, பண்டா – செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடுத்த ஏப்ரலில் அது கிழித்தெறியப்பட்டது.

முதலாம் ஆண்டுப் பாடத்தில் வெளி இறைமை, உள் இறைமை என்று ஒரு பிரிப்பு உண்டு. வெளியார் எவருக்கும் கட்டுப்படாதிருப்பது முதலாவது. நாட்டுக்குள் அதிகாரம் யாரிடம், எப்படிப் பகிரப்படுகிறது என்பது இரண்டாவது. 1956 ஓகஸ்டுக்கும் 1957 ஒக்டோபருக்கும் இடைப்பட்ட பதினான்கு மாதங்களில் இரண்டு கேள்விகளும் திருகோணமலையில் நின்றன. முதலாவதற்கு விடை வந்தது. இரண்டாவதை நாடு ஒத்திவைத்தது. அதற்குக் கொடுத்த விலையை நமது வகுப்பறைகளில் வெறுமையாகிப் போன வாங்குகளை நினைத்தாலே உங்களுக்கு விளங்கும்.

இந்த இரண்டாவது கேள்வியை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் ஏ. ஜெயரட்ணம் வில்சன். பேராதனையில் கற்பித்தவர், பின்னர் 1972இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகம் சென்றவர், செல்வநாயகத்தின் மருமகன். 1978 யாப்பைப் பற்றி நூல் எழுதினார், ஜே. ஆர். ஜயவர்தனவுக்கும் தமிழ்த் தலைவர்களுக்கும் இடையில் தூதராகவும் நின்றார். ஜெனிங்ஸைப் போல அவரும் பாடத்துக்குள்ளேயே வாழ்ந்தவர்.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இறையாண்மை, நமக்கு இறைமை. அங்கே கூட்டாட்சி, இங்கே சமஷ்டி. ஆங்கிலத்தில் 'ஃபெடரல் பார்ட்டி', தமிழில் தமிழரசுக் கட்சி. 'அரசு' என்ற சொல் தனிநாட்டைக் குறிக்கிறதா என்ற சந்தேகம் பிறமொழியாளருக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீரவில்லை. அக்கட்சி தன் யாப்பில் 'சமஷ்டி'க்குப் பதிலாக 'இணைப்பாட்சி' என்று எழுதியபோது வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சமஷ்டியைக் கோருவது பிரிவினையைக் கோருவதாகாது என்று 2017 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஒரு கலைச்சொல்லுக்குப் பொருள் காண நீதியரசர்கள் உட்கார வேண்டியிருந்தது. "ஆர்ட்ஸ்தானே" என்பவர்கள் இதை வாசிக்கலாம்.

துறைமுகமோ வெளி இறைமைப் பாடத்தையும் முழுதாக முடித்துவிடவில்லை. 1987 யூலை 29ஆம் திகதி இந்திய – இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையை எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுப்பதில்லை என்ற உறுதி இருக்கிறது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் அதே கடிதத்தில் வருகின்றன. பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன அவற்றில் 99ஐ 2022 சனவரியில் பங்கிட்டார்கள்: கூட்டு நிறுவனத்துக்கு 61, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14.

உள் இறைமை எனக்குத் தொழிலிலேயே தினமும் எதிர்ப்படுகிறது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் அதிகாரங்களை மாகாண நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல் என்று மூன்றாகப் பிரித்தது. அதனால் பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ், போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழ். கிராமத்து வைத்தியசாலையிலிருந்து மட்டக்களப்புக்கு அனுப்பப்படும் ஒரு தாய், பாதி வழியில் ஓர் ஆட்சியிலிருந்து இன்னோர் ஆட்சிக்குப் போகிறாள். மருந்துக் கொள்வனவு, ஆளணி, அம்புலன்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் எந்தக் கதவைத் தட்டுவது என்பது எங்கள் மருத்துவப் பாடத்தில் இல்லை. அக்காவின் கொப்பியில் இருந்தது. திருகோணமலையைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு மாகாண சபைக்கு 2008இலும் 2012இலும் வாக்களித்தோம். 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்தது. அன்றிலிருந்து மாகாணத்தை நடத்துபவர் சனாதிபதி நியமிக்கும் ஆளுநர்.