சாவடியிலிருந்து நிரலுக்கு: ஓர் எல்லையின் 150 ஆண்டுகள்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமரவிளை என்னும் ஊர் உள்ளது. தமிழ்நாட்டிலிருந்து களியக்காவிளை வழியே வரும் சரக்கு லாரிகள், பல்லாண்டுகள் இங்கிருந்த வணிகவரிச் சோதனைச்சாவடியில் காத்துக்கிடந்தன. சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபின் அக்காத்திருப்பு முடிவுற்றது. எல்லை மறைந்துவிட்டதெனப் பலர் கூறுவர். உண்மையில் அது சாலையை விட்டுக் கணினியின் விதிகளுக்குள் குடிபெயர்ந்தது. இந்த இடப்பெயர்ச்சியைப் புரிந்துகொள்ள 1865-க்குச் செல்ல வேண்டும்.

அக்காலத்தில் பாறசாலை எல்லையூர் அன்று. திருவிதாங்கூரின் உள்நாட்டு ஊர். ஆங்கிலேயரின் திருநெல்வேலிச் சீமைக்குச் செல்லும் வாயில் ஆரல்வாய்மொழிக் கணவாயாக இருந்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1865-இல், பிரித்தானிய இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்று அரசுகளுக்கிடையே இன்டர்போர்ட்டல் உடன்படிக்கை ஏற்பட்டது. தரைவழி வணிகத்தின்மீதான சுங்கம் பெருமளவு நீக்கப்பட்டது. கைம்மாறாக, திருவிதாங்கூர் தன் துறைமுகங்களில் பிரித்தானிய இந்தியாவின் வரிவிகிதங்களை ஏற்றது. குறைந்தபட்ச வருவாய்க்கு ஓர் உறுதியையும் பெற்றது. வணிகம் எளிதாயிற்று, விகிதத்தை முடிவுசெய்யும் உரிமை கைமாறிற்று.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கம் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஒரே அரசின் அண்டை ஊர்களாயிருந்த பாறசாலையும் களியக்காவிளையும் இரு வரிச்சட்டங்களின் கீழ் வந்தன. ஒரு சரக்கின் ஒரே பயணத்தை இரு அரசுகள் தனித்தனியே கண்காணித்தன.

2017-இல் இவ்விரு கண்காணிப்புகளும் ஒரே கணினித் தளத்தில் சேர்ந்தன. பல நிறுவனங்கள் ஒரு பணியோட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும்போது, ஒவ்வொரு படியிலும் யார் எதைச் செய்யலாம் என்பதை விதிகளாக எழுதி, அவற்றை இயந்திரமே சரிபார்க்கச் செய்வதை மேகக் கணிமைத் துறையினர் கொள்கைவழி ஆளுகை என்பர். இ-வே பில் அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அனுப்புநர் சரக்கு விவரத்தைப் பதிகிறார். போக்குவரத்தாளர் வண்டி எண்ணைச் சேர்க்கிறார். இரு மாநில அலுவலர்களும் ஒரே பதிவைக் காண்கின்றனர். சாவடியில் கேட்ட கேள்விகளை இயந்திரம் வண்டி புறப்படுமுன்னரே கேட்டுவிடுகிறது. பகிர்வின் பலவீனமும் தொடக்கத்திலேயே தெரிந்தது: 2018 பிப்ரவரி 1 அன்று நாடெங்கும் தொடங்கிய தளம் அன்றே திணறியது, மாநிலங்களுக்கிடையிலான இ-வே பில் ஏப்ரல் 1-க்குத் தள்ளிப்போயிற்று.

இத்தளத்தில் எல்லை என்பது ஓர் எண். வரிப்பதிவு எண்ணின் முதல் இரு இலக்கங்கள் கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. பாறசாலைச் சிறுவணிகர் ஒருவர் தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பின், 500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காசர்கோட்டுக்குச் சரக்கு அனுப்பலாம். சில கிலோமீட்டரிலுள்ள களியக்காவிளைக்கு அனுப்ப இயலாது. மாநிலம் கடந்து வரிக்குரிய பொருள் விற்போருக்கு, சில விலக்குகள் தவிர, விற்றுமுதல் எவ்வளவு சிறிதாயினும் பதிவு கட்டாயம். பாலராமபுரத்திலிருந்து நூலைக் கூலிவேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அனுப்பினால், 50,000 ரூபாய் வரம்பைக் கணக்கில் கொள்ளாமல் இ-வே பில் வேண்டும். தடுப்புக்கட்டை அகன்றது; அதன் வேலையை விதி ஏற்றுக்கொண்டது.

விதியை மாற்றுவது யார்? ஜி.எஸ்.டி. மன்றத்தில் ஒன்றியத்துக்கு வாக்கில் மூன்றில் ஒரு பங்கு. மாநிலங்களனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு தேவை. ஆகவே ஒன்றியத்தின் இசைவின்றி எதுவும் நிறைவேறாது. 2018 வெள்ளத்துக்குப்பின் கேரளம் 1 விழுக்காடு வெள்ள வரியை 2019 ஆகஸ்ட் முதல் ஈராண்டு வசூலித்தது. அதற்கு மன்றத்தின் ஒப்புதல் வேண்டியிருந்தது. அதற்கான கணக்கைப் பொதுத்தளத்தில் அன்றி, மாநில வரித்துறையின் தளத்தில் தனிப்படிவமாகத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், மன்றத்தின் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தா எனத் தீர்ப்பளித்தது. எனினும் சட்டமன்றம் இயற்றும் மாறுபட்ட விதி வணிகரைச் சென்றடைய, பொதுத்தளத்தின் நிரலும் மாறியாக வேண்டும்.

1865-இன் வருவாய் உறுதியை 2017-இன் இழப்பீட்டுச் சட்டம் நினைவூட்டுகிறது. ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சியை அடிப்படையாகக் கொண்ட அவ்வுறுதி ஐந்தாண்டுகளில், 2022 ஜூனில் முடிந்தது. விட்டுக்கொடுத்த உரிமையோ திரும்பவில்லை. சாவடியின் தாமதத்தையும் கையூட்டையும் மீண்டும் விரும்புவோர் எவருமிலர். ஆனால் அமரவிளையில் ஒரு வணிகர் தன் வழக்கை எடுத்துரைக்க எதிரே ஓர் அலுவலர் இருந்தார். இன்று எல்லையூர் வணிகரின் குறை, விதி எழுதப்படும் இடத்தைச் சென்றடைய வழியொன்று வேண்டும். எல்லையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் நிகழும் சிறுவணிகத்தைத் தனி வகையாக வரையறுப்பது நிரலுக்குக் கடினமன்று. அதை மன்றத்தில் எழுப்புவது இரு மாநிலங்களின் பொறுப்பு.