வியர்க்காத உடம்பு: உப்பள வெயிலும் வயிற்றுவலி மாத்திரையும்

38.3 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூன்று வாரம் நீடித்து, மருத்துவமனையில் ஒரு வாரம் ஆராய்ந்தும் பிடிபடாததே காரணம் தெரியாக் காய்ச்சல் என 1961இல் மருத்துவர்கள் பீட்டர்ஸ்டார்ஃபும் பீசனும் வரையறுத்தனர். விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளங்களிலும் கழுவேலி ஏரிக்கு மேற்கே கிளியனூர் வரையிலான ஊர்களிலும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. வயிற்றுவலிக்கு என்ன மாத்திரை போட்டீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

வயிற்றுப் பிடிப்புக்குப் போடும் மெஃப்டால்-ஸ்பாஸ் மாத்திரை ஒன்றில் மெஃபனமிக் அமிலம் 250 மில்லிகிராம், டைசைக்ளோமின் 10 மில்லிகிராம். டைசைக்ளோமின் அசிட்டைல்கோலினைத் தடுத்துக் குடலின் மென்தசையைத் தளர்த்துகிறது. பிடித்து இழுக்கும் வலி விடுகிறது. ஆனால் வியர்வைச் சுரப்பியை இயக்குவதும் அதே அசிட்டைல்கோலின்தான். அச்சுரப்பிக்குச் செல்லும் நரம்புகள் பரிவு மண்டலத்தைச் சேர்ந்தவை. எனினும் அம்மண்டலத்தின் பிற நரம்புகளைப் போல நார்அட்ரினலினைச் சுரப்பதில்லை. ஆகவே வலிக்குப் போட்ட மருந்து வியர்வையையும் குறைக்கக்கூடும். வெப்பம் மிகுந்த சூழலில் காய்ச்சலும் வெப்பத் தாக்கமும் வரலாம் என்று இம்மருந்தின் குறிப்பேடே எச்சரிக்கிறது.

உப்பளத்தில் நிழல் கிடையாது. மேலே வெயில், கீழே பாத்தியின் வெண்மையிலிருந்து கண் கூசத் திரும்பும் ஒளி. தமிழக உப்பளத் தொழிலாளர் 352 பேரிடம் ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு நடத்திய ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பது தெரியவந்தது. கழிப்பறை இல்லாத வேலையிடங்களில் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். மாதவிலக்கு வலிக்கு இம்மாத்திரையை நாடுபவர்களும் பெண்களே. நீர் குறைந்த உடலில் வியர்வையும் அடைபட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. மூன்று கேடுகளும் ஒரே உடம்பின்மேல் விழுகின்றன.

இவ்வாறு ஏறும் சூட்டுக்குப் பாராசிட்டமால் பயன்படாது. அது மூளையின் வெப்ப இலக்கைக் குறைக்கும் மருந்து. இங்கே இலக்கு உயரவே இல்லை. உலர்ந்த தோல், வறண்ட நாக்கு, விரிந்த கண்மணி, நீர் பிரியத் தடை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். மாத்திரையை நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிற வேண்டும். நினைவு தடுமாறினால் குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதே மாத்திரையின் மறுபாதி வேறொரு காய்ச்சலைத் தரக்கூடும். மெஃபனமிக் அமிலத்தால் ‘டிரெஸ்’ என்னும் கடும் ஒவ்வாமை வரலாம் என 2023 நவம்பர் 30 அன்று இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்தில் காய்ச்சல், தடிப்பு, நெறிகட்டு, இரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்களின் மிகுதி ஆகியவை தோன்றும். முன்னது வெயிலோடு சேர்ந்து சில மணி நேரத்தில் வருவது. பின்னது மாத்திரை மறந்துபோன பிறகும் வருவது. ஆகவே இரண்டு மாத மருந்து வரலாறு தேவை.

உப்புப் பருவத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் காய்ச்சல் பதிவேட்டில் ‘வலி மாத்திரை’ என ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும். மருந்துக் கடைக்காரரும் இம்மாத்திரையைக் கொடுக்குமுன், வெயிலில் வேலையா என்று கேட்க வேண்டும்.