வாங்கி வைத்தலும் பதுக்கலும்: தட்டுப்பாட்டுக் காலச் சொற்களின் வரலாறு

1. முன்னுரை

விலைகள் நிலையற்றிருக்கும் காலங்களில் இல்லத்தார் அரிசி, பருப்பு, புளி, உப்பு, எண்ணெய் முதலியவற்றைத் தேவைக்கு முன்னரே வாங்கி வைப்பது எல்லா நாடுகளிலும் காணப்படும் வழக்கமாகும். இவ்வழக்கத்தை ஒரு சமுதாயம் முன்யோசனை எனக் கொள்கிறதா, குற்றம் எனக் கொள்கிறதா என்பதை அதற்கு இடப்படும் பெயரே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. தமிழில் இப்பொருட்புலத்தில் வழங்கும் பெயர்ச்சொற்களுள் சேமிப்பு, இருப்பு, பதுக்கல் ஆகிய மூன்றும் முதன்மையானவை. இவை பொருளால் எவ்வாறு வேறுபடுகின்றன, இரண்டாம் உலகப்போர்க் காலத் தட்டுப்பாடும் அதன்பின் வந்த சட்டங்களும் இவ்வேறுபாட்டுக்கு அளித்த முக்கியத்துவம் யாது, மொழிபெயர்ப்பாளர் இங்குக் கருத வேண்டியன எவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இல்லத்து இருப்பின் சொற்கள்

தமிழரின் வீட்டு வழக்கில் தானியம் வைக்கும் கலங்களுக்கும் இடங்களுக்கும் பெயர்கள் பல. மண்ணால் ஆனது குதிர், மரப்பலகையால் ஆனது பத்தாயம், தென்மாவட்டங்களில் குலுக்கை, வைக்கோற்புரியால் சுற்றிக் கட்டப்படுவது சேர், விதைநெல்லை வைக்கோலால் பொதிந்து கட்டுவது கோட்டை. இப்பெயர்கள் எவற்றிலும் இழிபொருள் இல்லை. சங்க இலக்கியமாகிய பெரும்பாணாற்றுப்படை உழவர் இல்லங்களில் ஓங்கி நின்ற பழைய நெற்கூடுகளை வருணிக்கும்போது அவற்றை அவ்வில்லங்களின் சிறப்பாகவே காட்டுகிறது. நெடுநாள் செலவாகாது நின்ற நெல் அங்கு வளத்தின் அடையாளமே அன்றிப் பழிக்குரியதன்று.

இவ்வழக்கம் பருவத்தோடு இணைந்திருந்ததைக் கருத வேண்டும். அறுவடைக்குப் பின் நெல் குதிருக்குள் செல்லும். புளி விளையும் காலத்தில் கொட்டை நீக்கி, வெயிலில் உலர்த்தி, உப்பிட்டுப் பானையில் அடைக்கப்படும். கோடையில் வற்றலும் வடகமும் உருவாகும். துவரையைச் செம்மண் குழம்பில் தோய்த்து உலர்த்துவதும், தானியத்தோடு வேப்பிலையும் நொச்சியிலையும் இடுவதும் பூச்சியைத் தடுக்கும் முறைகள். பொருள் மிகுந்து விலை தாழ்ந்திருக்கும் வேளையில் வாங்கி அல்லது விளைத்து வைப்பதே இவற்றின் பொதுத்தன்மை. அவ்வாறு வைத்த குடும்பம் பின்னர்ப் பொருள் அருகும் மாதங்களில் சந்தைக்கு வருவதில்லை. எனவே அந்த இருப்பு பிறருக்கும் இடையூறு ஆவதில்லை. நெருக்கடியில் வாங்குவோரின் தொகையைக் குறைக்கவும் செய்கிறது.

எனினும் குதிருக்கு வேறொரு முகமும் உண்டு என்பதைப் பழமொழி காட்டுகிறது. கடன்காரன் வந்து கேட்டபோது, 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று சொல்லி, தந்தை ஒளிந்திருந்த இடத்தைச் சிறுவன் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறான். தானியம் காக்கும் கலமே ஒளியும் இடமாகவும் அமையலாம். கலம் ஒன்றே, காத்தலா, மறைத்தலா என்பதே வேறுபாடு. தமிழ்ச் சொற்களின் பாகுபாடும் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

3. மூன்று சொற்களின் அமைப்பு

சேமிப்பு என்பது சேமம் என்னும் சொல்லினின்று வந்தது; சேமம் வடமொழி க்ஷேமத்தின் தமிழ் வடிவம். யோகக்ஷேமம் என்னும் தொடருக்கு மரபுரைகாரர் கூறும் விளக்கம் இங்குப் பயன்படும். இல்லாததைப் பெறுதல் யோகம். பெற்றதைக் காத்தல் க்ஷேமம். திருக்குறளும் அரசின் பொருட்செயல்களை வரிசைப்படுத்தும்போது ஈட்டுதலுக்கும் பகிர்ந்தளித்தலுக்கும் நடுவிலேயே காத்தலை வைக்கிறது. பிறிதோரிடத்தில் வறியவரின் பசியைத் தீர்ப்பதே ஒருவன் தன் பொருளை வைக்கத்தக்க இடம் என்கிறது. இம்மரபில் காத்தல் ஓர் இடைநிலை. அதன் முடிவு நுகர்வு அல்லது பகிர்வு ஆகும்.

இருப்பு என்பது இரு என்னும் வினையடியாகப் பிறந்தது. உள்ளது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கையிருப்பு, இருப்புக் கணக்கு முதலிய தொடர்களில் அது நடுநிலையாகவே நிற்கிறது. வீட்டிலுள்ள நெல்லும் கடையிலுள்ள நெல்லும் இருப்பு எனப்படும். ஆயின் சரக்கு என்னும் சொல் விற்பனைக்குரியதையே பெரிதும் சுட்டும். வீட்டிலுள்ள ஒரு மூட்டை நெல்லைச் சரக்கு என யாரும் இயல்பாகச் சொல்வதில்லை.

பதுக்கல் முற்றிலும் வேறானது. தேங்கு - தேக்கு, ஒதுங்கு - ஒதுக்கு, முடங்கு - முடக்கு என்பன போலப் பதுங்கு - பதுக்கு என்பதும் தன்வினை, பிறவினை இணையாகும். பதுங்குதல் உடல் ஒடுக்கி மறைந்திருத்தல். பதுக்குதல் பிறிதொன்றை மறைத்து வைத்தல். புலி பதுங்குவது பாய்வதற்கே என்னும் பழமொழி, தக்க தருணம் நோக்கி மறைந்திருத்தல் என்னும் குறிப்பையும் இவ்வினைக்கு அளிக்கிறது. விலையேற்றத்தை எதிர்நோக்கிப் பொருளை மறைக்கும் வணிகருக்கு இச்சொல் பொருந்தியமைக்கு இக்குறிப்பும் துணைசெய்திருக்க வேண்டும்.

தொடரியல் நிலையிலும் வேறுபாடு உண்டு. 'மழைக்காலத்துக்கு நெல் சேமித்தனர்' என்னும் தொடர் இயல்பானது. 'மழைக்காலத்துக்கு நெல் பதுக்கினர்' என்பது செவிக்கு ஒவ்வாதது. சேமி என்னும் வினை எதற்காக, யாருக்காக என்னும் பயனை நான்காம் வேற்றுமையால் ஏற்கிறது. பதுக்கு என்னும் வினையோ யாருடைய கண்ணினின்று மறைக்கப்பட்டது என்பதையே உள்ளுறையாகக் கொண்டுள்ளது. முன்னதில் பயன் பெறுவோர் உளர். பின்னதில் ஏமாற்றப்படுவோர் உளர்.

4. 1942 - 1943: பெயரும் பிழையும்

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதை இந்தியாவின் போர்க்கால வரலாறு உணர்த்துகிறது. 1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியர் வசமானதும் பர்மிய அரிசியின் வரவு நின்றது. அதே ஆண்டில் தானிய வணிகருக்கு உரிமம் விதிக்கும் உணவுத் தானியக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. டிசம்பரில் மத்திய அரசில் உணவுத்துறை தோன்றியது. 1943இல் பம்பாய் முதலிய நகரங்களில் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. இறக்குமதி அரிசியையே பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூரும் கொச்சியும் ஊர்ப்புறங்களுக்கும் பங்கீட்டை விரித்தன.

வங்கத்தில் நிலைமை கொடியதாயிற்று. கல்கத்தாவில் 1942 டிசம்பரில் மணங்கு ஒன்றுக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, 13 - 14 ரூபாயாக இருந்த அரிசி 1943 மே மாதத்தில் 30 ரூபாயைக் கடந்தது. பஞ்சத்துக்குக் காரணம் பதுக்கலே என்னும் கருத்து ஆட்சியாளரிடையே வலுப்பெற்றது. 1943 சூனில் மாகாண அரசு ஊர்தோறும் இருப்புகளைக் கணக்கெடுக்கும் உணவு இயக்கத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் கல்கத்தாவும் ஹவுராவும் அதற்கு விலக்குப் பெற்றன. ஆகஸ்டில்தான் அவ்விரு நகரங்களிலும் அது நடந்தது. எதிர்பார்த்த பெருந்தொகையான மறைவிருப்பு வெளிப்படவில்லை. 1944இல் அமைக்கப்பட்ட ஜான் உட்ஹெட் தலைமையிலான பஞ்ச விசாரணைக் குழு இறந்தோர் தொகையைச் சுமார் 15 லட்சம் என மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர் சிலர் அதனைச் சுமார் 30 லட்சம் எனக் கணித்துள்ளனர்.

இங்குக் கவனத்துக்குரியது பெயரிடலின் முரண்பாடு. 1942 ஆகஸ்டிலேயே கல்கத்தாவின் தொழில் நிறுவனங்களில் பணிபுரிவோருக்கு உணவு வழங்க வணிகச் சங்கத்தின் வழியாக ஓர் ஏற்பாடு அமைந்திருந்தது. நிறுவனம் தன் மக்களுக்கென வைத்தது திட்டம் எனப்பட்டது. உழவர் தம் மக்களுக்கென வைத்தது மறைவிருப்போ என ஐயுறப்பட்டது. இரண்டும் எதிர்காலத்தை எண்ணிய இருப்புகளே. பதுக்கல் என்னும் ஒரே கருத்துக்குள் வணிகரின் சரக்கையும் குடியானவரின் வித்தையும் உணவையும் அடக்கியதால், தேட வேண்டிய இடம் எது என்பதே மங்கிவிட்டது.

அதேவேளை, இல்லத்தார் செயல் எப்போதும் தீங்கற்றது என்றும் கொள்ள இயலாது. ஒரு கோடிக் குடும்பங்கள் அச்சத்தால் ஒரே வாரத்தில் ஆளுக்கு ஒரு மணங்கு கூடுதலாக வாங்குமாயின், சந்தையினின்று சுமார் 3.7 லட்சம் டன் மறைந்துவிடும். இவர்களுள் ஒருவரும் பதுக்கல்காரர் அல்லர். ஆயினும் விளைவு பதுக்கலின் விளைவை ஒத்தது. அமைதியான காலத்தில் சிறிது சிறிதாக வைப்பதும் அச்சம் பரவியபின் குவிப்பதும் அளவால் ஒன்றாயினும் காலத்தால் வேறு. இவ்வேறுபாட்டுக்கும் சொல் வேண்டும்.

5. பிற இந்திய மொழிகள்

ஒரே நாட்டில், ஒரே வகைக் கட்டுப்பாடுகளின்கீழ், மொழிகள் இக்குற்றத்தை வெவ்வேறு கோணங்களில் பெயரிட்டுள்ளன. வங்காளத்தில் பதுக்கல்காரரைக் குறிக்கும் மஜுத்தார் என்னும் சொல்லின் முற்பகுதி 'உள்ளது' எனப் பொருள்படும் அரபுச் சொல்வழி வந்தது. தமிழின் இருப்பு என்பதற்கு அது இணையானது. இருப்பு வைத்திருத்தலே அங்குப் பழிப்பெயராகிவிட்டது. இந்தியின் ஜமாகோரி திரட்டுதலோடு 'உண்ணுதல்' என்னும் பாரசீக ஈற்றை இணைத்துப் பேராசையைச் சுட்டுகிறது. கன்னடத்தின் அக்ரம தாஸ்தானு, தெலுங்கின் அக்ரம நில்வ ஆகியவை முறையற்ற இருப்பு என அடைமொழியால் வரையறுக்கின்றன. மலையாளத்தின் பூழ்த்திவைப்பு புதைத்து வைத்தலைக் குறித்துத் தமிழின் பதுக்கலுக்கு நெருங்கி நிற்கிறது. ஆங்கிலத்தின் ஹோர்ட் என்பது பழங்காலத்தில் புதையல், செல்வம் என்னும் பொருளில் வழங்கியது. செருமானியர் அச்சக்காலக் கொள்முதலை ஹாம்ஸ்டர் என்னும் கொறிவிலங்கின் பெயரால் வழங்குகின்றனர்.

இவற்றை ஒப்பிடுகையில் வங்காளம் வைத்திருத்தலையும், இந்தி பேராசையையும், கன்னடமும் தெலுங்கும் சட்டமீறலையும், தமிழும் மலையாளமும் மறைத்தலையும் பெயரிடலின் அடிப்படையாகக் கொண்டமை புலனாகும். ஆகவே இச்சொற்களை ஒன்றற்கு ஒன்று நேரிணை எனக் கொள்வது முழுமையாகப் பொருந்தாது.

6. சட்டத்தின் நோக்கு

போர்க்காலக் கட்டுப்பாடுகள் 1946ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டத்தால் தொடர்ந்தன. 1947 டிசம்பரில் தளர்ந்து, விலை ஏறியதால் 1948இல் மீண்டும் வந்தன. சென்னை மாகாணத்தில் இராசாசி 1952 சூனில் அரிசிப் பங்கீட்டை நீக்கினார். 1955இல் இன்றியமையாப் பண்டங்கள் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கமாக விற்பனைக்கென வைக்கப்படும் பண்டத்தை விற்காமல் நிறுத்திவைப்பதைத் தடைசெய்யும் அதிகாரம் அதன் மூன்றாம் பிரிவில் உள்ளது. இத்தடையின் இலக்கு சரக்கு. வீட்டு இருப்பு அன்று. இருப்பு வைத்திருக்கும் எவரையும் விற்குமாறு ஆணையிடும் அதிகாரமும் அப்பிரிவில் உண்டெனினும், அது தனியே கூறப்பட்டுள்ளது. மறைத்தல் என்பது இத்தடைக்கு இன்றியமையாத கூறன்று என்பதும் நோக்கத்தக்கது. கண்முன் அடுக்கி வைத்து, 'விற்க இயலாது' என்பதும் இத்தடைக்குள் அடங்கும். பதுக்கல் என மொழிபெயர்க்கும்போது சட்டத்தில் இல்லாத மறைவு உள்ளே வருகிறது. சட்டத்தில் உள்ள விற்பனை நோக்கம் வெளியேறிவிடுகிறது.

2020 மார்ச்சில் முகக்கவசமும் கைத்தூய்மிப் பொருளும் அவ்வாண்டு சூன் 30 வரை இன்றியமையாப் பண்டங்களாக அறிவிக்கப்பட்டன. அதே மாதத்தில் அச்சத்தால் பொருள் வாங்கிக் குவிக்க வேண்டா என்னும் வேண்டுகோள் பொதுமக்களுக்கு விடுக்கப்பட்டது. முன்னது சட்டநடை; பின்னது அறிவுரை. இரண்டையும் பதுக்கல் என்னும் ஒரே சொல்லால் பெயர்ப்பின், அறிவுரை குற்றச்சாட்டாகிவிடும். அதனைக் கேட்போரின் அச்சம் தணியாது, மிகும்.

7. மொழிபெயர்ப்பாளருக்கு

சேமிப்பு என்னும் பெயர் இக்காலத்தில் சேமிப்புக் கணக்கு, சிறுசேமிப்பு எனப் பணத்தின் பக்கம் பெரிதும் சாய்ந்துவிட்டது. ஆகவே இல்லத்தார் அமைதியாகப் பொருள் தேடி வைக்கும் செயலுக்குத் தனிப்பெயர் இல்லாததுபோல் தோன்றலாம். ஆயின் தமிழ் அதனைப் பெயரால் அன்றி வினையால் உணர்த்துகிறது. சொல்லி வை, எடுத்து வை, எழுதி வை என்பவற்றில் வரும் வை என்னும் துணைவினை, ஒரு செயல் பிற்காலப் பயன் கருதிச் செய்யப்படுவதைக் காட்டும். வாங்கி வை என்னும் தொடரில் முன்யோசனை இலக்கணத்தினுள்ளேயே அமைந்துள்ளது. வாங்கிக் குவி என்பதில் பயனைக் காட்டும் துணைவினை இல்லை. குவி என்னும் வினை அளவை மட்டுமே சுட்டுகிறது.

எனவே இல்லத்தார் காலமறிந்து செய்வதை வாங்கி வைத்தல் என்றும், அச்சத்தால் செய்வதை வாங்கிக் குவித்தல் என்றும், வணிகர் விற்க மறுப்பதை விற்காது நிறுத்திவைத்தல் என்றும், உண்மையில் மறைக்கப்பட்டதைப் பதுக்கல் என்றும் வேறுபடுத்துவது தெளிவு தரும். மூலமொழியில் ஒரே சொல் வரினும் செய்தவர் யார், எப்போது செய்தார், யாருக்காகச் செய்தார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டே சொல்லைத் தெரிதல் வேண்டும்.

8. முடிவுரை

தமிழில் சேமித்தல் பயனாலும், இருப்பு உள்ளமையாலும், பதுக்கல் மறைவாலும் பெயர்பெற்றன. தட்டுப்பாட்டுக் காலத்தில் இவ்வெல்லைகள் கலந்துவிடுகின்றன. 1943இல் வங்கத்தில் அவ்வாறு கலந்தபோது, பசியைத் தீர்க்க வேண்டிய ஆற்றல் இருப்பைத் தேடுவதில் செலவாயிற்று. குதிரைத் திறந்து பார்ப்பதற்கு முன், அதிலுள்ளது காக்கப்பட்டதா, மறைக்கப்பட்டதா என்று கேட்பது ஆட்சியாளரின் கடமை. அவ்விரண்டையும் ஒரே சொல்லால் எழுதாதிருத்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமை.