சேற்றுச் சுனையில் மறைந்த சூரியன்

வானத்தைக் கவிந்த கூரையாகவும் பூமியை விரித்த தரையாகவும் காண்பது மேற்காசியாவின் பழைய நாகரிகங்களுக்குப் பொதுவான பார்வை. 7ஆம் நூற்றாண்டு அரேபியாவில் ஒலித்த திருக்குர்ஆனும் தன் முதல் கேட்போருக்குப் பழக்கமான அந்த மொழியிலேயே பேசிற்று. அடுக்கடுக்கான ஏழு வானங்களையும் (67:3), விரிப்பாக அமைந்த பூமியையும் (71:19), நீரின் மேலிருந்த இறை அரியணையையும் (11:7) அதில் காண்கிறோம்.

இவற்றின் வேர்கள் மிகப் பழையவை. ஏழு வானம், ஏழு பூமி என்னும் வழக்கு சுமேரிய மந்திரங்களிலேயே உண்டு. ஒன்றாய் இணைந்திருந்த வானும் மண்ணும் பிரிக்கப்பட்டன என்கிறது குர்ஆன் (21:30). பாபிலோனியரின் எனூமா எலிஷ் காவியத்தில் மார்துக் என்னும் தெய்வம் தியாமத்தின் உடலைப் பிளந்து, ஒரு பாதியை வானாக்குகிறது. அங்கே தெய்வங்களின் போர். இங்கே ஏக இறைவனின் ஆணை. வரைபடம் பழையது, அதன் பொருள் புதியது.

இதற்குத் தெளிவான சான்று துல்கர்னைன் கதை. 'இரு கொம்புடையவர்' எனப் பொருள்படும் அம்மன்னர் மேற்கே சென்று, சூரியன் சேற்றுச் சுனையொன்றில் மறையக் காண்கிறார் (18:86). பின்னர் யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தாரைத் தடுக்க இரும்புத் தடுப்பு எழுப்புகிறார். தலையில் கொம்புகள் பெற்று, உலகின் விளிம்புவரை பயணம் செய்து, அதே கூட்டத்தாருக்கு எதிராக வாயில் அமைக்கும் அலெக்சாந்தரைச் சுரியானி மொழிக் கதையொன்றும் பேசுகிறது. இவ்விரண்டின் ஒற்றுமையை ஜெர்மானிய அறிஞர் நோல்டெக்கே 1890இல் சுட்டிக்காட்டினார். சுரியானிக் கதையை ஆய்வாளர் பலர் கி.பி. 630ஐ ஒட்டியதாகக் கருதுகின்றனர். எது எதற்கு முந்தியது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

நம் கவனத்தைக் கூடுதலாக ஈர்ப்பது அந்த வசனத்தின் பிற்கால வரலாறு. 923இல் மறைந்த தபரி தம் விரிவுரையில், அச்சொல்லைச் சேறு என்பாரும் வெப்பம் என்பாரும் இருந்ததைப் பதிவு செய்கிறார். இதற்குள் பாக்தாதில் தாலமியின் வானியல் நூல் அரபிக்கு வந்துவிட்டது. கலீபா மாமூனின் வானியலாளர்கள் சிஞ்சார் சமவெளியில் பூமியின் சுற்றளவைக் கணிக்க அளவெடுத்தனர். உருண்டைப் பூமியில் சூரியன் எந்தச் சுனையில் மறைய முடியும்?

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த பக்ருத்தீன் ராஸி இக்கேள்வியை மறைக்கவில்லை. சூரியன் பூமியைவிடப் பன்மடங்கு பெரியது. ஆகவே கடற்பயணிக்குச் சூரியன் நீரில் மறைவதாகத் தோன்றுவது போலவே அம்மன்னருக்கும் தோன்றிற்று என்று விளக்கினார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, கிரகணம் பற்றிய கணித நிரூபணங்களை மதத்தின் பெயரால் மறுப்பவர் மதத்துக்கே தீங்கு செய்கிறார் என எச்சரித்திருந்தார் கஸ்ஸாலி.

இன்று பிரிக்கப்பட்ட வானில் பெருவெடிப்பைக் கண்டு மகிழ்வோரும் உண்டு; சேற்றுச் சுனையைக் காட்டி எள்ளுவோரும் உண்டு. இரு சாராரும் ஒரு பழைய நூலை இன்றைய பாடநூலாக்கிப் பார்க்கிறார்கள். ராஸியோ தம் காலத்தின் வானியலையும் தம் நம்பிக்கையையும் ஒரே பக்கத்தில் வைத்து வாதிட்டார். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த நமக்கு அந்த நேர்மை கைகூடாமற்போவது வெட்கத்துக்குரியது.